இரண்டு வெட்டுகளுக்கு நடுவே

காலையில் வார்டில் வைத்து, வெட்ட வேண்டிய இடத்தில் அவள் ஒரு கோடுதான் வரைந்திருந்தாள். அறுவை அரங்கில் சிஸ்டர் கட்டைப் பிரித்தபோது காலில் இரண்டு கோடுகள் இருந்தன.

முதல் கோடு அவளுடையது. கெண்டைக்காலின் பாதி உயரத்தில், முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளித் தொடங்கி நேராக இறங்கும். கணுக்காலை நெருங்கும்போது நடுவிரல் பக்கமாக லேசாக வளையும். அந்த வளைவை வைத்தே அது யார் போட்ட கோடு என்று மருத்துவமனையில் யாரும் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கோடு காலின் பின்பக்கத்தில், வெளிப்புறமாக, சின்ன எலும்பின் மேலேயே ஓடியது. அதே ஊதா மை. அதே வளைவு.

"சிஸ்டர், பின்னாடி இது யார் போட்டது?"

"நீங்கதான மேடம் காலையில போட்டீங்க?"

"நான் ஒண்ணுதான் போட்டேன்."

"எனக்கென்ன மேடம் தெரியும்? கட்டைப் பிரிச்சேன், இருந்தது."

மை காய்வதற்குள் கட்டுப் போட்டிருப்பார்கள், துணியில் ஒட்டிப் பின்னால் பதிந்திருக்கும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பதிந்த கோடு இவ்வளவு கூர்மையாக இருக்காது என்பதும் தெரிந்தேயிருந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைத்தாள். குளிர்ந்த நெடி மூக்கில் ஏறியது. கோடு போய்விட்டது. பஞ்சு மட்டும் ஊதாவாகியது. அதைக் கீழே வாளியில் போட்டபோது, தேவையில்லாமல் இன்னொரு முறை குனிந்து, அது வாளியில்தான் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"என்னடி, கீழே ஏதாவது விழுந்திடுச்சா? என் எலும்பா?" பச்சைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கேட்டாள்.

மேசையில் படுத்திருப்பது அவளுடைய சொந்த அக்கா. ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகளுக்கு நீளம் தாண்டுவது எப்படி என்று நாற்பத்தெட்டு வயதில் தாண்டிக் காட்டப்போய், மணலுக்கு வெளியே சிமெண்டு விளிம்பில் இறங்கி, கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பையும் உடைத்துக்கொண்டு வந்திருந்தாள். சொந்தக்காரர்களுக்குக் கத்தி வைக்காதே என்று பெரிய டாக்டர் சொல்லிப் பார்த்தார். "அவ பண்ணலேன்னா நான் நொண்டியாவே இருந்துக்கறேன்" என்று அக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். முழு மயக்கமும் வேண்டாம் என்றாள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஒரு ஊசி மட்டும். தங்கச்சி வேலை செய்வதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்க வேண்டுமாம்.

திரைக்கு அந்தப் பக்கம், அக்காவின் தலைமாட்டில், மயக்க மருந்து டாக்டர் உட்கார்ந்திருந்தார். நோயாளிகளைத் தூங்க வைக்கும்போது தன்னையறியாமல் முனகுகிற பழக்கத்தால் எல்லோருக்கும் அவர் தாலாட்டு.

"டாக்டர் தம்பி, உங்களுக்குத் தெரியுமா? என் தங்கச்சி கையில இதுவரைக்கும் ஒரு கால்கூட வீணாப் போனதில்ல."

"அப்படியா டீச்சர்?" என்றார் தாலாட்டு. அவர் இந்த மருத்துவமனைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

தட்டில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த சிஸ்டரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுக்கியது. சிஸ்டர் இங்கே பதினான்கு வருடமாக இருக்கிறாள்.

ஒரு கால் வீணாகப் போயிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு தையல்காரருடையது. அதே மாதிரி உடைவு. கால் வீங்கி, தோல் மினுங்கியது. இப்படிப்பட்ட காலைத் திறக்கும் முன் காத்திருக்க வேண்டும். வீக்கம் வடிந்து, தோலைக் கிள்ளினால் மெல்லிய சுருக்கங்கள் விழுகிற நாள் வரைக்கும். பத்து நாள் ஆகும், சில சமயம் பதினைந்தும் ஆகும். அடுத்த வாரம் அவளுக்கு விடுப்பு இருந்தது. நான்காம் நாளே திறந்தாள். பெரிய எலும்புக்கு முன்னால் ஒரு வெட்டு, சின்ன எலும்புக்குப் பின்னால் ஒரு வெட்டு. இரண்டுக்கும் நடுவே ஏழு சென்டிமீட்டர் தோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தோலுக்கு ரத்தம் எட்டாது. அவள் அளக்கவில்லை, கண்ணாலேயே பார்த்தாள். வீக்கம் இடைவெளியைப் பெரிதாகக் காட்டியது. தைத்து முடித்த பிறகு சிஸ்டர் வழக்கப்படி ஸ்கேலை வைத்தாள். நாலரை.

"ஏழுன்னு எழுதுங்க" என்றாள் அவள். சிஸ்டர் எழுதினாள்.

ஐந்தாம் நாள் நடுவிலிருந்த தோல் ஊதாவானது. ஒன்பதாம் நாள் கறுத்தது. பிறகு காய்ந்த இலை போலச் சுருண்டு, அடியில் எலும்பு தெரிந்தது. தையல்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அதையும் சண்டை போடுவதுபோலக் கேட்கவில்லை. "துணியிலகூட ரெண்டு கத்தரி இவ்வளவு பக்கத்துல விட மாட்டோமே மேடம். நடுவுல இருக்கறது நிக்காதே. உங்களுக்குச் சொல்லித் தரலியா?" இருபத்தாறாம் நாள் அவள் அந்தக் காலை முட்டிக்குக் கீழே எடுத்தாள். மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்பினார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் அளந்து பார்க்க முடியாது. அந்த நிம்மதி தன் மார்புக்குள் எப்படி இறங்கியது என்பதை அவள் மறக்கவில்லை. வெயிலில் வந்தவள் தண்ணீர் குடித்ததுபோல இறங்கியது.

அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா திட்டியிருக்க மாட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

எனவே அக்காவின் காலுக்குப் பதினோரு நாள் காத்திருந்தாள். ஒவ்வொரு காலையிலும் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். "என்னடி, காய்கறிக்கடையில தக்காளி பாக்கற மாதிரி பாக்கற?" என்று அக்கா சிரித்தாள். இன்று காலை சுருக்கம் விழுந்தது. முன்பக்கமாக ஒரே வெட்டு, அதற்குள்ளேயே சதையை ஒதுக்கி இரண்டு எலும்பையும் பார்த்துவிடலாம், கஷ்டம்தான், நேரமாகும், ஆனால் ஒரே வெட்டு. அதை அவள் ஒரு சபதம் போல வைத்திருந்தாள்.

அக்காவின் தொடையில் காற்றுப் பட்டை இறுகியது. இனி அதற்குக் கீழே ரத்தம் இல்லை. இரண்டு மணி நேரம். அதற்குள் முடித்துக் காற்றைத் திறந்துவிட வேண்டும். சுவரில் மணிகாட்டி ஓடத் தொடங்கியது.

பிளேடு தோலில் இறங்கியது. ரத்தமில்லாத காலில் தோல் பிளக்கும்போது முதலில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். பிறகு அது மஞ்சளாக விரிந்து, கொழுப்பின் சின்னச் சின்ன மணிகள் வெளிச்சத்தில் ஈரமாகப் பளபளக்கும். அதற்குள் ஒரு மெல்லிய வெள்ளை நரம்பு குறுக்காகப் போகும். அதை அறுத்துவிட்டால் பாதத்தின் மேல்பகுதிக்குத் தொடு உணர்வே இருக்காது. அவள் அதைத் தேடியெடுத்து, கையுறையின் விளிம்பிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டால் சுற்றி, பூவைத் தள்ளி வைப்பதுபோல ஓரமாகத் தள்ளி வைத்தாள். சதையை மூடிய உறையைக் கீறினாள். சதை பிதுங்கியது. விரலை உள்ளே விட்டு, சதையை எலும்பிலிருந்து உள்பக்கமாகப் பிரித்தாள். நனைந்த காகிதம் கிழிகிற சத்தம். ரத்தக்குழாய்களைச் சுட்ட கருகலும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை. சிஸ்டர் கொக்கியை வைத்து இழுத்துப் பிடித்தாள். பெரிய எலும்பு தெரிந்தது. உடைந்த இடத்தில் பழைய ரத்தம், பழச்சதை மாதிரி.

"எல்லாம் நல்லா இருக்கு அக்கா."

"அப்ப பின்னாடி எதுக்குக் கை வைக்கற?"

"நான் பின்னாடி போகவே இல்ல."

"இழுக்கற மாதிரி இருந்துது."

"இழுக்கறது அமுக்கறது எல்லாம் தெரியும் டீச்சர், வலிதான் தெரியாது" என்றார் தாலாட்டு. "முன்னாடி இழுத்தா பின்னாடி இழுக்கற மாதிரி இருக்கும். உடம்புக்கு இப்ப திசை தெரியாது."

"எனக்கே தெரியாது, உடம்புக்கு எங்க தெரியப்போகுது" என்று அக்கா சிரித்தாள். பிறகு சத்தம் சற்றே இறங்கியது. "ஆனா தம்பி, பின்னாடி இருக்கறவங்க பொறுமையா பண்றாங்க. முன்னாடி பண்றவளைவிடப் பொறுமையா."

அவள் நிமிரவில்லை. நிமிராததைத் தானே கவனித்தாள். எலும்பின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தாள். குளிரூட்டியின் ஓயாத ரீங்காரம். இதயத் துடிப்பைச் சொல்லும் கருவியின் பீப். கொக்கியைப் பிடித்திருந்த சிஸ்டரின் மூச்சு முகமூடிக்குள் நுழைந்து வெளியேறும் சத்தம். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. அது எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது அது வெகுநேரமாக இருந்துகொண்டேயிருந்தது என்று மட்டும் தெரிந்தது.

சொட்டு.

தரையில். ரப்பர் விரிப்பின் மேல். சற்று நேரம் கழித்து மறுபடியும், சொட்டு.

"பட்டையில காத்து இறங்குதா?"

"இல்ல மேடம். முந்நூறுலேயே நிக்குது" என்றார் தாலாட்டு.

"அப்ப எங்கேருந்து ரத்தம்?"

சிஸ்டர் குனிந்து பார்த்தாள். கேட்டவள் தன் இடது கையைக் காலுக்கு அடியில் விட்டுத் தூக்கப் பார்த்தாள். கெண்டைச் சதையை ஏந்திப் பிடிக்கிற இடத்தில் கை வைத்தாள்.

விரல்கள் உள்ளே போயின.

நான்கு விரலும், இரண்டாவது கணு வரைக்கும். சூடாக, வழுக்கலாக. அடியில் கடினமாக ஒன்று தட்டுப்பட்டது. அது என்ன என்று அவள் விரல்களுக்கு அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அது சின்ன எலும்பு, மேலே சவ்வுகூட இல்லாமல். யாரோ சுரண்டிச் சுத்தம் செய்து வைத்த எலும்பு.

காலைத் தூக்கினார்கள். பின்பக்கம், வெளிப்புறமாக, ஒரு சாண் நீளத்துக்குத் திறந்திருந்தது. கிழிசல் இல்லை. வெட்டு. விளிம்பு நேராக, தோல் தனி, உறை தனி, சதை தனியாக, அடுக்கடுக்காகப் பிரித்து ஒதுக்கப்பட்டு. கணுக்காலருகே வளைந்து.

"மேடம்…" சிஸ்டரின் குரல் உலர்ந்திருந்தது. "ஒரே வெட்டுன்னு சொன்னீங்களே?"

"நான் பண்ணல."

"தட்டுப் பக்கம் திரும்பினேன்… அப்ப பண்ணிட்டீங்கன்னு…"

"ஒரு நிமிஷத்துல இதைப் பண்ண முடியுமா? நீங்களே சொல்லுங்க."

சிஸ்டரின் கை தானாகத் தட்டுக்குப் போய், யாரும் கேட்காமலேயே ஸ்கேலை எடுத்து, இரண்டு வெட்டுகளுக்கும் நடுவே வைத்தது. பதினான்கு வருடப் பழக்கம். இருவரும் ஒரே நேரத்தில் படித்தார்கள்.

நாலரை.

"மேடம்," சிஸ்டர் கிசுகிசுத்தாள். "ஏழுன்னு எழுதிக்கட்டுமா?"

கிண்டல் இல்லை. பயத்தில் வந்தது அது. ஒரு குழந்தை தப்பிக்க வழி கேட்பதுபோல.

"எதை எழுதணும்? யாராவது சொல்லுங்களேன்டி" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல அக்கா." தன் குரல் எப்படி இவ்வளவு சாதாரணமாக வருகிறது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இரண்டு வருடமாகப் பழகிய குரல்.

யோசித்தாள். கைகளைப் பார்த்தாள். ரத்தம் தோய்ந்த இரண்டு கையுறைகள். ஒருவேளை இவைதான் செய்திருக்குமோ? மனம் ஒரு வேலையில் மூழ்கியிருக்கும்போது கை பழக்கத்தில் இன்னொரு வேலை செய்துவிடுவதுண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு வந்தது நினைவில்லாமல் பாதி வழியில் நிற்பதில்லையா? அந்தப் பின்வெட்டை அவள் எத்தனை முறை கனவில் போட்டிருக்கிறாள். சரியாக ஏழு வைத்து, எட்டு வைத்து, ஒன்பது வைத்து. கனவில் எப்போதும் காயம் ஆறியது.

"சிஸ்டர், கொக்கியை விடுங்க. என் கை ரெண்டையும் பிடிங்க."

"மேடம்?"

"பிடிங்க. இறுக்கி."

சிஸ்டர் பிடித்தாள். இரண்டு பெண்கள், நெஞ்சுக்கு நேரே, மேசைக்குக் குறுக்கே நான்கு ரத்தக் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். கீழே கால் கிடந்தது. கருவி பீப் பீப் என்றது. அக்கா தாலாட்டிடம் ஏதோ மாணவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஓட்டப்பந்தயத்தில் எதிர்த்திசையில் ஓடி முதலில் வந்த கதையை. தாலாட்டு சிரித்தார்.

காலின் உள்பக்கம், கணுக்காலுக்கு மேலே, தோலில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

கத்தி இல்லை. கை இல்லை. கோடு மேலே ஏறியது. மெதுவாக. நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் வெட்டுகிற வேகத்தில். ஒரு இடத்தில் நின்றது, ரத்தக்குழாய் ஒன்று குறுக்கே வந்ததால். அதைச் சுற்றிப் போயிற்று. பிறகு வெள்ளை மஞ்சளாக விரிந்தது. உறை பிளந்தது. சதை, கண்ணுக்குத் தெரியாத கொக்கி இழுப்பதுபோல, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது.

அவளுக்குள் முதலில் வந்தது பயம் இல்லை. மகிழ்ச்சி. நான் இல்லை. நான் பண்ணல. என் கை இதோ இருக்கிறது. அக்காவின் கால் பிளந்துகொண்டிருக்கையில் அவள் நெஞ்சுக்குள் அந்த மகிழ்ச்சி குளிர்ச்சியாக இறங்கியது. அதன் ருசியை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. வந்தது எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று.

சிஸ்டர் கைகளை விட்டுவிட்டுப் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். "நீங்க சொன்னதாலதான் எழுதினேன். நீங்க சொன்னதாலதான்." அவளிடம் சொல்லவில்லை. காலிடம் சொன்னாள்.

"தம்பி, இப்ப உள்பக்கம் யாரோ…" என்றாள் அக்கா.

தாலாட்டு எழுந்து திரைக்கு மேலே எட்டிப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. பிறகு அது அங்கேயே, உரியவர் இல்லாத சாமான்போல, கொஞ்ச நேரம் கிடந்தது.

மூன்று வெட்டுகள். அவற்றுக்கு நடுவே மூன்று பட்டைத் தோல். நாடா அகலம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை வெளிறின. வெளிறியவை ஊதாவாயின. ஐந்து நாளில் ஆகவேண்டியது. ஊதா கறுத்தது. ஒன்பது நாளில் ஆகவேண்டியது. ஓரங்கள் சுருண்டன. நாற்றம் எழுந்தது. இருபத்தாறாம் நாளின் நாற்றம், இனிப்பும் அழுகலும் கலந்து, முகமூடியைத் தாண்டி நாக்கில் படிந்தது. பட்டைகள் ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தன. இரண்டு எலும்புகளும் பக்கத்தில் பக்கத்தில், வெள்ளையாக, வெட்ட வெளிச்சத்தில் நின்றன.

வெட்டுகள் நிற்கவில்லை. முட்டியை எட்டின. முட்டிச் சில்லின் இரு பக்கமும் பிரிந்து போயின. கறுப்பு அவற்றின் பின்னாலேயே ஏறியது. தொடை தொடங்கியது. காற்றுப் பட்டைக்கும் வெட்டின் நுனிக்கும் நடுவே ஒரு சாண் நல்ல தோல் மிச்சம். அதற்கு மேலே இடுப்பு. அதற்கு மேலே வயிறு. அதற்கு மேலே பேசிக்கொண்டிருக்கிற அக்கா.

"வெட்டு." தாலாட்டின் குரல் பிசிறியது. ஒரு வருடமாக நீங்க, மேடம் என்று பேசியவர். "மேல ஏறுது பாரு. எடுத்துடு. எடுத்துடு!"

"என்னத்த வெட்டணும்?" என்றாள் அக்கா. "ஏய். என்னடி?"

அவள் பெரிய கத்தியை எடுத்தாள்.

யோசிக்கவில்லை. யோசித்தால் கை நின்றுவிடும். தொடையைச் சுற்றி ஒரே வீச்சு. தோல் சுருங்கி மேலே ஏறியது. இன்னொரு வீச்சு. சதை. சிவந்த, உயிருள்ள, துடிக்கிற, நல்ல சதை. நாற்பத்தெட்டு வயதிலும் பிள்ளைகளோடு ஓடுகிற தொடை. கத்தி எலும்பில் மோதி வழுக்கியது. திரும்ப இறக்கினாள். முன்பக்கம். பின்பக்கம். பெரிய நரம்பு கயிறுபோல இழுத்து நின்றது. அறுத்தாள். அது உள்ளே ஓடி ஒளிந்தது.

"சிஸ்டர், ரம்பம்!"

சிஸ்டர் வந்தாள். அழுதுகொண்டே கொடுத்தாள்.

"நடுங்குதுடி," என்றாள் அக்கா. "மேசை எல்லாம் நடுங்குது. தம்பி, நீங்க ஏன் அழறீங்க?"

ரம்பம். முன்னே. பின்னே. எலும்புத் தூள் முகமூடியில் தெறித்தது. சூடாக. சுட்ட எலும்பின் வாசனை. முன்னே. பின்னே. ஏறிவரும் வெட்டின் நுனி அரையடி கீழே. கால் அடி கீழே. முன்னே. பின்னே. அக்கா, கொஞ்சம். கொஞ்சம் பொறு. அவள் இதை வாய்விட்டுச் சொன்னாளா தெரியவில்லை. இரண்டு விரல் கீழே. முன்னே.

எலும்பு முறிந்தது.

கால் தனியே வந்தது. எடை முழுவதும் ஒரேயடியாக அவள் கைகளில் விழுந்தது. வெட்டியெடுத்த கால் எப்போதும் நினைத்ததைவிடக் கனமாக இருக்கும். நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்க முடிந்தது. பாதம் அவள் தோளுக்கு மேலே போய்ச் சாய்ந்தது. பின்னால் இரண்டடி வைத்தாள். நின்றது. ஏறியது நின்றது. மேசையில் மிஞ்சியிருந்த தொடையில் கறுப்பு இல்லை. கோடு இல்லை.

"நின்னுடுச்சு," என்றாள். "நின்னுடுச்சு சிஸ்டர்."

சிஸ்டர் தொடையைப் பார்க்கவில்லை. அவள் கைகளில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும்.

அவளும் குனிந்து பார்த்தாள்.

முன்பக்கம் ஒரு வெட்டு. கெண்டைக்காலின் பாதியிலிருந்து கணுக்கால் வரைக்கும், சுத்தமாக. உள்ளே வெள்ளை நரம்பு ரப்பர்த் துண்டின் அணைப்பில் பத்திரமாக இருந்தது. அவ்வளவுதான். காலைத் திருப்பினாள். பின்பக்கம் தோல். முழுத் தோல், வியர்வை படிந்து, ரோமக்கால்களோடு. உள்பக்கம் திருப்பினாள். தோல். முட்டி. தோல். கட்டை விரலால் அழுத்தினாள். மிருதுவாக இருந்தது. சிஸ்டரும் வந்து தடவினாள். நான்கு கைகள் அந்தக் காலை மாற்றி மாற்றித் தடவின, மேலும் கீழும், ஒரு கீறலாவது அகப்படாதா என்று. தாலாட்டு திரைக்கு மேலேயிருந்து பார்த்தார்.

கால் இன்னும் சூடாக இருந்தது.

"ஏய்," என்றாள் அக்கா. களைத்த குரல். கொஞ்சலும் இருந்தது அதில். "முடிச்சிட்டதானே? எல்லாரும் ஏன்டி ஊமையாயிட்டீங்க? இரு, நானே பாத்துக்கறேன்."

பச்சைத் திரையின் மேல்விளிம்பில் நான்கு விரல்கள் தோன்றின. நக இடுக்கில், மைதானத்தில் கோடு போட்ட சுண்ணாம்புப் பொடியின் வெள்ளை இன்னும் போகவில்லை. அவை துணியைப் பற்றி, கீழே இழுத்தன. முதலில் தலைமுடி. பிறகு நெற்றி. பிறகு தங்கச்சியின் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்த, சிரிக்கத் தொடங்கியிருந்த, இன்னும் கீழே இறங்காத கண்கள்.